எந்தப் பக்கம் போகலீங்க?

நல்ல செய்தியோடு அவரிடம் போகக் கூடாது. கெட்ட செய்தி என்றால் பரவாயில்லை. காபி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். நல்ல செய்தியைத்தான் அவரால் தாங்க முடியாது. "வீட்டை இன்ஸ்பெக்ஷன் பண்ணியாச்சு, எல்லாம் ஓகே" என்றோ, "ஸ்கூலைச் சுத்திப் பார்த்துட்டோம், பிரமாதம்" என்றோ யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். கையில் இருப்பதைக் கீழே வைப்பார். பிறகு ரொம்ப மரியாதையாக, ஈரோட்டுப் பக்கத்து இழுவையில் கேட்பார்:

"சரிங்க. எந்தப் பக்கம் போகலீங்க?"

என்ன பார்த்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எதைப் பார்க்காமல் திரும்பி வந்தார்கள் என்பது மட்டும்தான் வேண்டும்.

புயல்களுக்கெல்லாம் வரிசையாகப் பெயர் வைக்கிறார்கள். அவருக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. உயிரோடு இருக்கிறார். இதைப் படித்தால் எந்தப் பத்தியை நான் எழுதாமல் விட்டேன் என்று கேட்பார். முன்பென்றால் கேட்டிருப்பார்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையில் அவசரகால ஒருங்கிணைப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆலையின் புயல் கையேட்டை எழுதியவனும் நானே. நடமாடும் கழிப்பறைகளைக் கயிறு போட்டுக் கட்டுவது யார் பொறுப்பு என்பதற்கு அதில் அரைப் பக்கம் உண்டு. யாரும் சிரிக்க வேண்டாம். கட்டாத கழிப்பறை ஒன்று பறந்துபோய்க் குழாய் ஒன்றின்மேல் விழுந்த பிறகுதான் அந்த அரைப் பக்கம் எழுதப்பட்டது. கையேடுகள் எல்லாமே அப்படித்தான் வளர்கின்றன.

அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கணவன் செந்தில் எங்கள் ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். என்னைவிட மிகவும் இளையவன் என்பதால் 'அவன்' என்று எழுதுகிறேன். அவன் மனைவியை அப்படி எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவர் நகரத்தில் ஒரு தனியார் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். கல்ஃபில், அதாவது மெக்சிகோ வளைகுடாவில், ஒரு புயல் உருவானால் அதன் பலம் இப்போது எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்வதுதான் வேலை. கப்பல்காரர்கள், எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள், எங்களைப் போன்ற ஆலைகள் எல்லாம் அவர் அலுவலகத்துக்கு வாடிக்கையாளர்கள். புயல் எங்கே போகும் என்று சொல்கிறவர்கள் டிவியில் வருவார்கள். எவ்வளவு பலம் என்று சொல்கிறவர்களை யாரும் பார்த்ததில்லை.

அவர்கள் அந்த வீட்டை வாங்கிய நாளில்தான் எனக்கு முதல் அறிமுகம். வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் தொப்பியும் டார்ச்சுமாக வந்து, எல்லாக் கட்டங்களிலும் பச்சை டிக் அடித்துக் கொடுத்துவிட்டு, டிரைவ்வேயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் போய் அவரிடம் ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் சிரித்தார். கராஜுக்கு மேலே இருக்கும் பரணுக்குத் தான் முழுதாக ஏறவில்லை, டெக்சஸ் வெயிலில் அதற்குள் போனால் வெந்துவிடுவோம் என்றார். "இப்போது போவீர்களா?" என்றார் இவர், அதே மரியாதையோடு. போனார். இறங்கி வந்தபோது சிரிப்பு இல்லை. அங்கே ஒரு மின்கம்பி உருகி, பக்கத்து மரச்சட்டம் கருகிப்போயிருந்தது.

"பாத்தீங்களா சார்," என்றான் செந்தில் என்னிடம். "கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க வீட்ல என்னைப் பத்தி எங்க ஊர்ல விசாரிச்சாங்க. அப்ப எந்தத் தெருவ விட்டுட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கறா."

"நீங்க சொல்லலையே," என்றார் அவர். சிரிக்காமல்.

எல்லா நேரமும் பரணில் கருகிய கம்பி கிடைப்பதில்லை. ஒரு வருடம் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்கை, கல்ஃபில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைக் காட்டித் தள்ளிவைக்கச் சொன்னார். தள்ளிவைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஊறவைத்த கோழியை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொண்டு எல்லோரும் அவரைத் திட்டினோம். குழந்தைகள் அவருக்கு 'ஸ்டார்ம் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தன. கொலு வைத்திருந்த ஓர் அம்மாள் தன் பெண் சேரப்போகும் கல்லூரி ஹாஸ்டலைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, "எந்த மாடியக் காட்டலீங்க?" என்று கேட்டுவைத்தார். அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை.

"பாவம், நல்ல பொண்ணு," என்பாள் என் மனைவி. "ஆனா அவ வந்துட்டுப் போனா அடுப்பை அணைச்சோமான்னு மூணு தடவை பார்க்க வேண்டியிருக்கு."

ஜூன் முதல் நவம்பர் வரை அவர் காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதில்லை. எங்கள் டிவியில் புயலின் படத்தைச் சிவப்பும் ஊதாவுமாகக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கலர் போட்டதெல்லாம் ஊகமுங்க." ஒருநாள் எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதை எனக்கு விளக்கினார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். கையேட்டின் பிற்சேர்க்கையில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்திருப்பது வேறு, அதற்குப் பயப்படுவது வேறு.

"சேட்டிலைட் காத்தைப் பாக்கறதில்லீங்க சார். மேகத்தைப் பாக்குது. எப்படிச் சுத்திக்கிட்டு இருக்குது, நடுவுல கண்ணு தெரியுதா, கண்ணைச் சுத்தி மேகம் எவ்வளவு குளுந்து கெடக்குதுன்னு பாத்து, இந்த மாதிரி மூஞ்சி இருந்தா இவ்வளவு காத்து இருக்கும்னு நாங்க ஒரு நம்பர் போடறோம். மூஞ்சியப் பாத்து வயசு சொல்றாப்ல."

"விமானம்?"

"அது உள்ளயே போகுதுங்க. கண்ணுக்கு நடுவுல குறுக்கால ஒருக்கா, அப்புறம் அந்தக் குறுக்கால ஒருக்கா. பெருக்கல் குறி போட்டாப்ல. வழியில சின்னச் சின்னக் குழாயா பாராசூட் கட்டிப் போடுவாங்க. அது கடல்ல விழற வரைக்கும் காத்து எவ்வளவு, அழுத்தம் எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே விழும்."

"அப்போ அதுதான் நிஜம்."

"போன எடத்துல நிஜமுங்க," என்றார்.

மாணவியாக இருந்தபோது அந்த மாதிரி ஓர் ஆராய்ச்சி விமானத்தில் ஒரே ஒருமுறை அவர் போயிருக்கிறார். அதைப் பற்றி அவர் சொன்னது என்றும் மறக்காது. உலுக்கல் பெரிதில்லையாம், கோபி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகிய உடம்பு. மேகச் சுவரைத் தாண்டிக் கண்ணுக்குள் நுழைந்ததும் எல்லாம் நின்றுவிட்டதாம். தலைக்கு மேலே நீலம். சுற்றிலும் கிண்ணம்போல வெள்ளை மதில். கீழே நிறையப் பறவைகள், வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"அமைதியா இருந்துச்சுங்க. வெயில் அடிச்சுது. பைலட் ஒருத்தரு மிட்டாய் குடுத்தாரு. எல்லாரும் கை தட்டுனாங்க, நாங்க நெனச்ச அளவுக்குப் பலம் இல்ல, போதும்னு திரும்பிட்டோம். அடுத்த விமானம் போயி, நாங்க போகாத பக்கத்துல நொழஞ்சுதுங்க. அங்க இருந்துச்சு."

"எது?"

"எல்லாமே," என்று சொல்லிவிட்டு என் மனைவியிடம் தண்ணீர் கேட்டார்.

இனி அந்த ஆகஸ்ட்.

எங்கள் கையேட்டின்படி புயலை ஒன்றிலிருந்து ஐந்து வரை வகை பிரித்துப் பார்ப்போம். இரண்டாம் வகை வரை என்றால் ஆலையை முழுக்கக் காலி செய்வதில்லை. ரைட்-அவுட் க்ரூ என்று ஒரு சிறு குழு, புயல் கடக்கும்வரை கான்கிரீட் கட்டடம் ஒன்றில் தங்கி, பம்புகளையும், சூடேறினால் வெடிக்கக்கூடிய ரசாயனங்கள் இருக்கும் குளிரூட்டும் தொட்டிகளையும் பார்த்துக்கொள்ளும். மூன்று, அதற்கு மேல் என்றால் எல்லோரும் வெளியே. ஆலையை அணைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏற வேண்டும். அந்த முறை ரைட்-அவுட் குழுவுக்குத் தலைவன் செந்தில். முறைப்படி அவன் பெயர் வந்தது. முறையை எழுதியவனும் நான்தான்.

நான் அங்கே இல்லை. கையேட்டின்படி ஒருங்கிணைப்பாளர் கரையிலிருந்து தள்ளி, நகரத்தின் வடமேற்கில் ஒரு ஹோட்டலின் கான்ஃபரன்ஸ் அறையில் இருப்பார். கையேடு எழுதுகிறவன் தனக்கென்று ஒரு ஹோட்டலை எழுதிக்கொள்ளாமல் இருப்பானா.

புயல் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு விமானம் உள்ளே போயிருந்தது, அடுத்தது சாயங்காலம்தான். ஆனால் ஆலையிலிருந்து வெளியே வரும் ஒரே சாலை தாழ்வானது. சாயங்காலத்துக்கு முன்பே கடல் அதன்மேல் ஏறிவிடும். ஆக, மதியம் கையில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் முடிவு. அதற்குப் பிறகு மனம் மாறினாலும் பஸ் போகாது.

மதியம் கான்ஃபரன்ஸ் கால். ஆலை மேலாளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆலைக்குள்ளிருந்து செந்தில், வானிலை அலுவலகத்திலிருந்து அவர். வேலை விஷயத்தில் அவர் என்னோடு தமிழில் பேசியதே கிடையாது. எப்போதும்போல ஆங்கிலத்தில் படித்தார்.

"விமான அளவீட்டின்படி இரண்டாம் வகை. செயற்கைக்கோள் மதிப்பீடு இதைவிட அதிகம். விதிப்படி, விமானம் அளந்திருந்தால் அதற்கே முன்னுரிமை. எங்கள் எண், இரண்டாம் வகை."

பிறகு, "அவ்வளவுதான்," என்றார்.

மேலாளர் உரக்க மூச்சுவிட்டார். "நல்லது. க்ரூ தங்கட்டும்."

"தங்கிட்டாப் போச்சு," என்றான் செந்தில், அவனும் ஆங்கிலத்தில்தான். "இங்க ஏசி நல்லா இருக்கு. வீட்லதான் கரண்ட் போகும்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. எது என்று ஒரு கணம் புரியவில்லை. எண் சரி. விதி சரி. விமானம் அளந்தால் மேகத்தைப் பார்த்துப் போட்ட ஊகம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எல்லா அலுவலகங்களும் அப்படித்தான் செய்கின்றன. பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு காலிலும், ஒவ்வொரு வருடமும், எண்ணைப் படித்து முடித்ததும் அவர் ஒரு வாக்கியம் சொல்வார். 'விமானம் இந்தப் பக்கம் போகவில்லை, அல்லது இந்தப் பக்கம் தாழப் பறக்கவில்லை, அல்லது இங்கே போட்ட குழாய் பாதியில் செத்துப்போனது.' யாரும் கேட்காமலே சொல்வார். அதைக் கேட்கும்போது மேலாளர் போனை மியூட்டில் போட்டுவிட்டு சாண்ட்விச் தின்பார் என்பது எனக்குத் தெரியும்.

இன்று அந்த வாக்கியம் வரவில்லை. அவர் கணவன் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் இந்த ஒரு நாளில் வரவில்லை.

"ஒரு நிமிடம்," என்றேன். "விமானம் எந்தப் பகுதியில் பறக்கவில்லை?"

லைன் அறுந்துவிட்டதோ என்று மேலாளர் கேட்டார். அறுபடவில்லை; அவர் மூச்சு எனக்குக் கேட்டது. வேகமாக, மேலோட்டமாக விட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சுபோல.

பதிவாகும் அலுவலகக் காலில் வேறு மொழி பேசக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. அதுவும் என்னுடையதுதான்.

"அம்மா," என்றேன். "எந்தப் பக்கம் போகலீங்க?"

அவருடைய இழுவை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக: "வடகிழக்கு. இரண்டாவது குறுக்குப் பாதையின் நடுவில் ஒரு கருவி பழுதாகி விமானம் திரும்பிவிட்டது. வடகிழக்குப் பக்கத்தில் அளவீடு எதுவும் இல்லை."

வடமேற்காக நகர்கிற புயலுக்கு வலப்பக்கம்தான் பலம் அதிகம். எங்கள் புயலின் வலப்பக்கம் வடகிழக்கு. இதைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறார்கள். ஆலையின் மேல் இறங்கப்போவதும் அந்தப் பக்கம்தான்.

கையேட்டில், ஐந்தாம் அத்தியாயத்தின் அடியில், யாரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது: தகவல் முழுமையற்றது என்று தகவல் தருபவரே தெரிவித்தால், புயலை ஒரு வகை மேலாகக் கொண்டு செயல்படவும். பாதுகாப்பு ஆடிட்டர்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக என்றோ எழுதியது. ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. அதை வாசித்தேன். இரண்டு, இப்போது மூன்று. எல்லோரும் வெளியே.

மேலாளருக்குக் கோபம். "நீ கேக்கற வரைக்கும் அந்தப் பொம்பளை சொல்லவே இல்லையே. ஒருத்தங்க பேசாம இருந்ததுக்காக ஆலையை அணைக்கச் சொல்றியா?"

"கையேடு சொல்லுது," என்றேன். வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் பயந்துகொண்டு சொன்னது அன்று மட்டும்தான். நான் தவறாக இருந்தால், கவனிக்க ஆளில்லாமல் விட்டுவந்த தொட்டிகள் சூடேறி என்ன ஆகும் என்பதற்கும் அதே கையேட்டில் ஓர் அத்தியாயம் இருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். அதனால் அது முழுதாக நினைவுக்கு வந்தது.

பஸ்ஸிலிருந்து செந்தில் கூப்பிட்டான். பின்னால் மழை தகரத்தில் அடிப்பதுபோல அடித்தது. "சார், ரோட்ல தண்ணி வந்துருச்சு. டயர் பாதி முழுகுது. டிரைவர் பாட்டுப் பாடறாரு, அதான் பயமா இருக்கு." பிறகு கேட்டான்: "அவ என்ன சொன்னா சார்?"

"வடகிழக்குன்னாங்க."

"அது கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஏன் சும்மா இருந்தா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். லைன் போய்விட்டது. அவன் அடுத்த முறை கூப்பிடும்வரை நான் அந்த ஹோட்டல் அறையில் கையேட்டின் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பஸ் வெள்ளத்தில் நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் எதிலும் எழுதியிருக்கவில்லை.

பஸ் தப்பியது. சாயங்காலம் விமானம் வடகிழக்குப் பக்கத்தில் நுழைந்தது. அடுத்த காலில் அவர் எண்ணைப் படித்தார்: நான்காம் வகை. மேகத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீட்டைவிடவும் அதிகம். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விமானம் போகாத பக்கம் என்று இந்த முறை எதுவும் இல்லை, அதையும் சொன்னார். யாரும் சாண்ட்விச் தின்னவில்லை.

புயல் கடந்த பிறகு ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் வந்தது. ரைட்-அவுட் கட்டடத்தின் கீழ்த்தளம் தண்ணீருக்குள். மேல்தளத்தின் கடல் பக்கத்துச் சுவரைக் காணவில்லை. குளிரூட்டும் தொட்டிகள், எந்தப் புண்ணியத்திலோ, தண்ணீருக்குள்ளேயே குளிர்ந்து கிடந்தன. 'உள்ளே இருந்திருந்தால்' என்று மேலாளர் ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நாங்களும் முடித்துக்கொடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வீடுகளுக்குத் திரும்பினோம். தெரு முழுக்க, உள்ளே அழுகியதோடு டேப் ஒட்டி மூடிய ஃபிரிட்ஜுகள் வெளியே நின்றன. எங்கள் ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களுடைய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் கையுறையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மனிதன்தானே.

"நீங்க கேக்கலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டனுங்க சார்," என்றார்.

"அதான் சொல்லிட்டீங்களே."

"அன்னிக்குக் காலையிலயே எங்க ஆபீஸ் சூப்பர்வைசர்கிட்டச் சொன்னனுங்க. எங்க வீட்டுக்காரர் அந்த பிளான்ட்ல இருக்காரு, வேற ஆளப் போடுங்கன்னு. ஆளில்ல, நம்பர மட்டும் படிங்கன்னாங்க. வடகிழக்கு போகலைன்னு என் ஸ்க்ரீன்லயே தெரிஞ்சுது. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இதச் சொல்றது நானா, என் பயமான்னு தெரியலீங்க. இத்தன வருசமா அது ரெண்டும் எனக்கு வேற வேறயா இருந்துச்சு. அன்னிக்கு ஒண்ணாப் போச்சு. பயத்துல பேசிருவனோன்னு பயந்துக்கிட்டு, வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தனுங்க."

"கடைசியில பயம் சரியாத்தானே இருந்தது?"

"அதுதானுங்க." கையுறையைக் கழற்றினார். "தப்பா இருந்திருந்தா, சரி, இது பயம்னு தள்ளிருப்பேன். சரியா இருந்துருச்சு. இனி எப்ப வாயத் தொறந்தாலும் எது பேசுதுன்னு எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் சொல்லக்கூடிய கையேடு எதையும் நான் எழுதியதில்லை.

அடுத்த சீசனுக்கு முன் அவர் அந்த வேலையை விட்டார். செந்திலுக்கு நியூ ஜெர்சியில் ஒரு மருந்து ஆலையில் வேலை கிடைத்தது. அவரும் அங்கே காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். நாங்களும் கடலை விட்டு, மகன் வீட்டுக்குப் பக்கத்தில், டாலஸுக்கு வடக்கே ஆலன் நகருக்கு வந்துவிட்டோம். இங்கே கடல் வராது. சூறைக்காற்று வரும், அதற்கு விமானம் அனுப்பமாட்டார்கள்.

செந்தில் எப்போதாவது போன் செய்வான். ஒருமுறை சொன்னான்: "இப்பல்லாம் அவ கேக்கறதே இல்ல சார். கார் வாங்கினேன், கேக்கல. பொண்ணு தனியா அபார்ட்மென்ட் பாத்துட்டு வந்தா, கேக்கல. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

"நல்லதுதானே?"

"நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா கேக்கறதுக்கு முன்னாடி கையில இருக்கறதக் கீழ வைப்பாள்ல? அத இன்னும் வைக்கறா சார். வெச்சுட்டு, கேக்காம, மறுபடி எடுத்துக்கறா."

இந்த வசந்தத்தில் நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். அதற்குச் சில நாட்கள் முன்பு, மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் ஒரு கிளினிக்கில் நெஞ்சை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். நியூ ஜெர்சியின் ஐசலினில், ஓக் ட்ரீ சாலையில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஒருத்தி போனில் முடிவைச் சொன்னாள். ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. மனைவி அந்த நிமிடமே சாமிக்கு முடிந்துவைக்க ஒரு டாலரை எடுத்தாள். நான் மளிகைக் கடைக்குள் இளைஞனைப்போல நடந்து போனேன்.

அவர் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. "ஏனுங்க சார்!" என்று முகம் மலர்ந்தார். பிள்ளைகள், வீடு, செந்திலின் முழங்கால் வலி என்று எல்லாம் பேசினோம். பிறகு, "ஒடம்பு எப்படி இருக்குதுங்க?" என்றார்.

"பிரமாதமா இருக்கு. ஸ்கேன் எடுத்தேன். இப்பத்தான் போன் வந்தது. எல்லாம் ஓகே, ஒண்ணுமில்லையாம்."

அவர் வெங்காயப் பையைக் கீழே வைத்தார்.

நான் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டேதான் காத்திருந்தேன், பழைய தெருவில் நிற்பதுபோல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தை; அங்கே மூச்சு ஏறி இறங்கும் இடத்தை. கொஞ்ச நேரம். உதடு லேசாகத் திறந்தது.

"ரொம்ப சந்தோஷமுங்க சார்," என்றார். பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன்.

"என்ன இது, முகமே சரியில்லையே?" என்றாள் மனைவி. "யாரைப் பார்த்தீங்க?"

"அவங்களை. செந்தில் பெண்டாட்டி."

"அய்யோ, எதாவது கேட்டுட்டாளா?"

"கேக்கல."

"அதுக்கா இப்படி? கேக்கலைன்னா நல்லதுதானே."

கிளினிக்குக்குப் போன் போட்டேன். என்னிடம் பேசிய அதே நர்ஸ்தான் எடுத்தாள், நல்ல பெண், குரலில் சிரிப்பு. என் ஸ்கேனில் பார்க்காமல் விட்ட பகுதி ஏதாவது உண்டா என்று கேட்டேன். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை, மெதுவாக, அதே மரியாதையோடு கேட்டேன்.

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"பார்க்க முடிஞ்ச இடமெல்லாம் நல்லா இருக்கு சார்," என்றாள்.